உங்கள் மோட்டாரின் 40, எந்த 40?

கேள்வியைச் சுருக்கமாக ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். 16 அடி அலுமினியப் படகு, தட்டையான அடி. ஆற்றில் மீன்பிடிக்கப் போகிறீர்கள். பின்னால் மேல்மூடியில் 40 என்று எழுதிய பழைய இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு (பின்பலகையில் வெளியே தொங்கும் மோட்டார்), அடியில் புரொப்பல்லருக்குப் பதிலாகத் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் ஜெட் பம்பு. தனியாகப் போனால் ஓடுகிறது. கூட ஒருவரும் ஐஸ் பெட்டியும் ஏறிவிட்டால் படகு தண்ணீரின் மேல் எழும்பி வழுக்கி ஓட மறுக்கிறது. கூழாங்கல் பரப்பில் ஓட்டத்தை எதிர்த்து ஏறும்போது பாதியில் நின்றுவிடுகிறது. 60 ஜெட் வாங்கலாமா, இல்லை ஒரேயடியாக 90-க்குப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: மூன்று வருடம் முன்பு இதே படகு இதே ஆளோடு நன்றாகத்தான் எழும்பியது. எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி. எந்த மோட்டார் வாங்குவது என்பதை அப்புறம் பார்ப்போம். மூன்று வருடத்தில் எது போயிற்று என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

அவுட்போர்டு பழுதுபார்ப்பதுதான் என் தொழில், 18 வருடமாக. கைக்கு வந்தவற்றில் ஜெட் மாட்டியவை நிறைய. 'இன்னும் பெரிய மோட்டார் வேண்டும்' என்று வந்தவர்களில் கணிசமானவர்கள் அதே மோட்டாரோடு திரும்பிப் போயிருக்கிறார்கள். கடைக்காரனாக எனக்கு அதில் நட்டம்தான், ஆனால் அவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள். உங்கள் படகை நான் பார்க்கவில்லை. அதனால் இங்கே சொல்வதில் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அந்த 40. ஜெட் மோட்டார்களில் இரண்டு எண்கள் புழங்குகின்றன. ஒன்று எஞ்சின் தலையின், அதாவது மூடிக்குள் இருக்கும் முழு எஞ்சினின், குதிரைத்திறன் (எச்.பி.). இன்னொன்று ஜெட் வழியாக வெளியே வரும்போது மிஞ்சுவது. புரொப்பல்லரை எடுத்துவிட்டு அதே எஞ்சினில் ஜெட்டை மாட்டினால் ஏறத்தாழ 30 விழுக்காடு போய்விடும். அதனால்தான் 60/40, 90/65, 115/80 என்று இரட்டை எண்ணாகச் சொல்கிறார்கள்: முதல் எண் தலை, இரண்டாவது ஜெட். உங்கள் மூடியில் இருக்கும் 40 தலையின் எண் என்றால் உங்களிடம் இருப்பது ஜெட் கணக்கில் 28 எச்.பி. அளவுதான். அது ஜெட் எண் என்றால், உள்ளே ஏற்கெனவே 60 எச்.பி. தலை உட்கார்ந்திருக்கிறது. இந்த இரண்டாவது நிலைமையில் நீங்கள் போய் '60 ஜெட்' வாங்கினால், இருக்கும் அதே திறனைப் புதுப் பெயிண்டில், கூடுதல் எடையோடு வாங்கியதாக ஆகும். இந்தக் குழப்பத்தில் பணத்தைக் கொட்டியவரை நான் பார்த்திருக்கிறேன். மூடியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், மூடி மாறியிருக்கலாம். மோட்டாரைப் படகில் பிடித்திருக்கும் கிளாம்பின் பக்கத்தில் சீரியல் தகடு இருக்கும். அந்த மாடல் எண்ணை அந்தக் கம்பெனியின் பாகங்கள் விற்பவரிடம் சொன்னால், தலை எத்தனை எச்.பி. என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

ஜெட் ஏன் இவ்வளவு திறனைத் தின்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானே புரியும். புரொப்பல்லர் நிறைய தண்ணீரை மெதுவாகப் பின்னால் தள்ளுகிறது. ஜெட் கொஞ்சம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுகிறது. படகின் வேகத்துக்கும் பீய்ச்சும் வேகத்துக்கும் இடைவெளி எவ்வளவு கூடுதலோ அவ்வளவு திறன் வீணாக ஆற்றோடு போகும். கணக்காகச் சொன்னால், தண்ணீர் வினாடிக்கு 20 மீட்டரில் வெளியேறும்போது படகு 10 மீட்டரில் ஓடினால், பீய்ச்சலில் இருக்கும் திறனில் மூன்றில் இரண்டு பங்கு படகைத் தள்ளும். அதே படகு எழும்ப முடியாமல் 5 மீட்டரில் தவித்தால் 40 விழுக்காடுதான் தள்ளும். இது பம்புக்குள் போகும் இழப்பைச் சேர்க்காத கணக்கு. ஆக, பாரமான படகு மெதுவாகப் போகும் அந்த நேரத்தில்தான், அதாவது உங்களுக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான், ஜெட் மிகவும் பலவீனமாக இருக்கிறது. நின்றுவிடும் என்று நீங்கள் சொல்லும் இடம் அதுதான்.

இத்தனை இழப்பையும் பொறுத்துக்கொண்டு ஜெட்டை ஏன் மாட்டுகிறோம் என்றால், படகின் அடிக்குக் கீழே அடிபட எதுவும் தொங்காது, அதற்காகத்தான். நியூசிலாந்தின் வில்லியம் ஹாமில்டன் 1950-களில் ஆழமில்லாத, கல் நிறைந்த ஆறுகளுக்காகவே ஜெட் படகைச் செய்துபார்த்தார். முதலில் தண்ணீரைப் படகின் அடியில் பீய்ச்சினார், சரிப்படவில்லை. பீய்ச்சும் வாயை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தூக்கி வைத்த பிறகுதான் விஷயம் நடந்தது. 1960-ல் அவருடைய படகுகள் கொலராடோ ஆற்றை எதிர்த்து கிராண்ட் கேன்யனுக்குள் ஏறிப் போயின. அவை படகுக்குள் எஞ்சின் வைத்த வகை, நம்முடையது பின்னால் தொங்கும் வகை. ஆனாலும் உயரத்தில் சில விரற்கடை மாறினால் எல்லாமே மாறும் என்ற பாடம் இரண்டுக்கும் ஒன்றுதான். உயரத்துக்குப் பிறகு வருகிறேன்.

இப்போது சோதனை. ஒரு ஆர்.பி.எம். மீட்டர் வாங்குங்கள். ஸ்பார்க் பிளக் வயரைச் சுற்றி மாட்டும் சின்ன வகையே போதும். புரொப்பல்லர் மோட்டாரில் பாரம் ஏறினால் ஆர்.பி.எம். இறங்கும். ஜெட்டில் அப்படி இல்லை. பம்புக்குப் படகில் எத்தனை பேர் என்று தெரியாது. அது தன் வாயில் வரும் தண்ணீரைத்தான் பார்க்கிறது. ஒருவர் இருந்தாலும் மூவர் இருந்தாலும் முழு த்ராட்டிலில் எண் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இதனாலேயே அந்த எண் நல்ல மருத்துவர். கையேட்டில் போட்டிருக்கும் எல்லையைவிடக் கீழே நின்றால் எஞ்சின் தன் திறனைக் கொடுக்கவில்லை: கார்புரேட்டர், பெட்ரோல் பம்பு, கம்ப்ரெஷன், எங்காவது கோளாறு. எல்லையைத் தாண்டி எகிறினால், அல்லது மூன்று வருடம் முன்பு இருந்ததைவிடக் கூடியிருந்தால், எஞ்சின் நன்றாக இருக்கிறது, பம்புக்குத் தண்ணீர் பிடிக்கவில்லை. எண்ணைப் பார்க்காமலே காதால் சொல்லலாம்: கத்தல் கூடும், தள்ளல் குறையும். உங்கள் கேள்வியில் 'சத்தம் மட்டும் பயங்கரமாக வருகிறது' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதை வைத்து எனக்குப் பம்பின் மேல்தான் சந்தேகம். இது ஊகம்தான். மீட்டரில் எண் வந்தால் உறுதியாகும்.

கம்ப்ரெஷனையும், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தையும், இதோடு பார்த்துவிடுங்கள், அரை மணி நேர வேலை. ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் 10 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், பம்பில் எவ்வளவு உழைத்தாலும் பாதிப் பலன்தான். அந்த நிலையில் புது மோட்டார் யோசனைக்கு நானும் கை தூக்குவேன்.

சரி, பம்பைத் திறப்போம். முதலில் எஞ்சினை நிறுத்தும் கில் ஸ்விட்சின் கிளிப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஸ்பார்க் பிளக் வயர்களையும் எடுத்துவிடுங்கள். ஜெட்டில் நியூட்ரல் என்பது பீய்ச்சும் வாய்க்கு முன்னால் வரும் தடுப்பு மட்டுமே. எஞ்சின் ஓடினால் இம்பெல்லரும், அதாவது பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரமும், ஓடும். கையை உள்ளே விடுகிற எவரும் இதை மறக்கக் கூடாது. அடியில் தண்ணீர் உறிஞ்சும் வாய்ப்பகுதியைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றினால் அது அப்படியே கீழே இறங்கும். இம்பெல்லர் எஞ்சினிலிருந்து வரும் செங்குத்துத் தண்டின் முனையில் நேராக உட்கார்ந்திருக்கும், இடையில் கியரே கிடையாது. அது சுழலும் கிண்ணம் போன்ற உறைதான் லைனர்.

இரண்டு வருடம் முன்பு ஒருவர் கிட்டத்தட்ட உங்கள் கதையோடுதான் வந்தார். புது மோட்டாருக்கு முன்பணமே கொண்டு வந்திருந்தார். அவர் கண்முன்னாலேயே திறந்தேன். இம்பெல்லர் இதழ்களின் முன்விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். கத்தி மாதிரி இருக்க வேண்டிய விளிம்பு சுண்டுவிரல் முனை மாதிரி உருண்டிருந்தது. ஒரு இதழில் கல் பட்டு, எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம். இதழின் ஓரத்துக்கும் லைனருக்கும் நடுவே, அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்த நாணயம் தடையில்லாமல் நுழைந்தது. அவர் நாணயத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு எதுவும் பேசவில்லை. அன்று மாலை வரை அரமும், இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் வளையமுமாக வேலை. அடுத்த வாரம் போனில், மூன்று பேரோடு எழும்புகிறது என்றார்.

அந்த வேலை இவ்வளவுதான். விளிம்பு சுமார் 0.8 மில்லிமீட்டர் தடிமனுக்கு வர வேண்டும். தட்டை அரத்தால் இதழின் அடிப்பக்கத்தில் மட்டும் ராவுங்கள். தண்ணீரை மேலே தள்ளும் பக்கத்தின் சாய்வைத் தொடவே கூடாது. தொட்டால் பம்பின் குணமே மாறிவிடும். சவரக்கத்தி அளவுக்குக் கூர்மையாக்கவும் வேண்டாம், முதல் கல்லிலேயே மடிந்துபோகும். அடுத்தது இடைவெளி. லைனர் கீழே போகப் போகக் குறுகும் கூம்பு வடிவம். இம்பெல்லரைக் கீழே இறக்கினால் சுற்றிலும் இடைவெளி குறையும். அதற்காகவே தண்டில் மெல்லிய ஷிம் வளையங்கள் அடுக்கியிருப்பார்கள். புதிதாக இருக்கும்போது பெரும்பாலும் எல்லாம் இம்பெல்லருக்குக் கீழே, நட்டுப் பக்கம் இருக்கும். தேயத் தேய ஒவ்வொன்றாக மேலே மாற்ற வேண்டும். ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பார்த்தால் சுற்றிலும் 0.8 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும், கையால் சுற்றினால் எங்கும் உரசக் கூடாது. எல்லா ஷிம்மும் மேலே போய்விட்டது, ஆனாலும் இடைவெளி இருக்கிறது என்றால் லைனரின் காலம் முடிந்தது. லைனர் மாற்றுவதற்கென்றே தனியாகக் கிடைக்கும் உதிரிப் பாகம். லைனரில் ஆழமான வட்டக் கோடுகள் இருந்தால் ஷிம்மோடு மல்லுக்கட்டாமல் மாற்றிவிடுங்கள், அந்தக் கோடுகள் வழியாகவே அழுத்தம் ஒழுகும்.

இந்தத் தேய்மானம் வேகமாக ஓடும்போது வருவதைவிட மெதுவாகப் போகும்போதுதான் அதிகம் வருகிறது. நின்ற படகு தாழ்ந்து கிடக்கும், உறிஞ்சும் வாய் தரைக்கு அருகில் இருக்கும், பொடிக் கல்லும் மணலும் நேராக உள்ளே. முழங்கால் ஆழமாவது வரும்வரை படகைத் தள்ளிக்கொண்டு போய்விட்டு அங்கே ஸ்டார்ட் செய்பவரின் இம்பெல்லர், கரையோரத்திலேயே ஸ்டார்ட் செய்பவருடையதைவிடப் பல மடங்கு நாள் வரும். மூன்று வருடத்தில் நீங்கள் படகை இறக்கும் துறை மாறியதா, தண்ணீர் வற்றியதா என்று யோசித்துப் பாருங்கள். வாயில் இருக்கும் கம்பிச் சட்டத்தையும் பாருங்கள். இரண்டு கம்பிக்கு நடுவே ஒரு கல் சிக்கிக்கொண்டு மாதக் கணக்கில் அப்படியே ஓடிய மோட்டாரையும் நான் பார்த்திருக்கிறேன்.

இனி உயரம். படகின் அடியில், நடுக்கோட்டில், ஒரு நேரான சட்டத்தை வைத்துப் பின்னால் நீட்டுங்கள். உறிஞ்சும் வாயின் முன்விளிம்பு அந்தச் சட்டத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். தட்டை அடிக்கு இதுதான் தொடக்கப் புள்ளி. அதற்குக் கீழே போனால் விளிம்பு தண்ணீரைக் கிழித்து இழுவையும் தெறிப்பும் கூடும், கல்லும் முதலில் அதில்தான் மோதும். மேலே போனால் பம்பு காற்றைக் குடிக்கும். திரும்பும்போதும் அலையில் குதிக்கும்போதும் எஞ்சின் திடீரென்று அலறும். தொடக்கப் புள்ளியிலிருந்து 6 மில்லிமீட்டர் அளவாக ஏற்றிப் பார்த்து, திருப்பத்தில் காற்று குடிக்கத் தொடங்கியதும் ஒரு படி இறக்கி நிறுத்துவதுதான் வழக்கம். படகுக்குப் படகு மாறும், நேரில் ஓட்டித்தான் கண்டுபிடிக்க முடியும். படகின் அடியில் வாய்க்கு நேர் முன்னால் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். துருத்திய ரிவெட், வளைந்த அடிக்கட்டை, புதிதாக ஒட்டிய ஒட்டு, மீன் தேடும் கருவியின் சென்சார், எதுவாக இருந்தாலும் அது கிளப்பும் குமிழி நேராக வாய்க்குள் போகும். சென்சார் மாட்டிய நாளிலிருந்து படகு எழும்பவில்லை என்று ஒருவர் வந்தார். சென்சாரை ஒரு முழம் தள்ளி மாட்டினேன், அவ்வளவுதான் பழுது.

அப்புறம் எடை. இதைச் சொன்னால் எல்லோருக்கும் கோபம் வரும். மூன்று வருடத்தில் படகில் என்னென்ன சேர்ந்தது? இரண்டாவது பேட்டரி, பெரிய ஐஸ் பெட்டி, தரையில் போட்ட பலகை, பலகைக்கு அடியில் தண்ணீர் குடித்த ஃபோம். தண்ணீர் ஊறிய ஃபோமை வெளியே தெரியாது. கரையில் படகைத் தூக்கி, வடிகால் திருகைக் கழற்றி, ஒரு ராத்திரி சாய்த்து வையுங்கள். காலையிலும் சொட்டிக்கொண்டிருந்தால் பலகையைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். எடை எங்கே இருக்கிறது என்பதும் எவ்வளவு என்பதற்குச் சமமான விஷயம். பேட்டரியையும் பெட்ரோல் டாங்கையும் முன்னால் கொண்டுபோய், கூட வருபவரை நடுப்பலகைக்கு முன்னால் உட்காரச் சொல்லி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். செலவில்லாத சோதனை. எழும்புகிறது என்றால் உங்களுக்குத் திறன் பற்றாக்குறை குறைவு, பின்பாரம்தான் கூடுதல். அப்படிப்பட்ட படகில் இன்னும் கனமான மோட்டாரை மாட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்தாகிவிட்டது, இன்னமும் இருவரோடு எழும்பவில்லை என்றால், சரி, மோட்டாரை மாற்றலாம். உங்கள் 40 தலையின் எண் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். 60 எச்.பி. தலைக்குப் போனால் ஒன்றரை மடங்கு திறன். தள்ளுவிசை ஒன்றரை மடங்காகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பம்பு விழுங்கும் திறன் சுழல்வேகத்தின் மும்மடி விதிப்படி ஏறும், தள்ளுவிசை இருமடி விதிப்படி. அதே பம்பில் ஒன்றரை மடங்கு திறனைப் போட்டால் சுழல்வேகம் சுமார் 14 விழுக்காடு, தள்ளுவிசை சுமார் 31 விழுக்காடு கூடும். பெரிய எஞ்சினுக்கென்று பொருத்திய பெரிய பம்பில் இன்னும் கொஞ்சம் நன்றாக வரும். 30-க்கும் 50-க்கும் இடையில் எங்கோ ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சிக்கலுக்கு இது போதும் என்பது என் கணிப்பு.

பழைய ஜெட்டைக் கழற்றிப் புது எஞ்சினில் மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் முடியாது. போல்ட் துளைகளின் இடம், தண்டின் நீளம், அதன் பல்வெட்டு எல்லாம் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். இம்பெல்லரின் சாய்வும் அந்த எஞ்சினின் வேகத்துக்கு அமைந்தது. பம்பையும் எஞ்சினையும் ஒரு ஜோடியாகவே வாங்குங்கள். புரொப்பல்லரோடு வந்த செகண்ட்ஹேண்ட் மோட்டாரை வாங்கி ஜெட்டுக்கு மாற்றுவதானால் இன்னொரு விஷயம்: ஜெட்டின் வாய் புரொப்பல்லரைவிடப் பல அங்குலம் மேலே இருக்கும். உங்கள் படகில் ஏற்கெனவே ஜெட் இருப்பதால் பின்பலகை உயரம் அதற்கேற்ப இருக்கக்கூடும். ஆனால் புது மோட்டாரின் தண்டு நீளம் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று அளந்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும். குட்டைத் தண்டுக்கும் நெட்டைத் தண்டுக்கும் 5 அங்குலம் வித்தியாசம். மேலே சொன்ன 6 மில்லிமீட்டர் விளையாட்டில் 5 அங்குலம் என்பது வேறு உலகம்.

எடைக் கணக்கையும் போடுங்கள். பழைய இரண்டு ஸ்ட்ரோக் 40 எச்.பி. பெரும்பாலும் 70-க்கும் 90-க்கும் இடைப்பட்ட கிலோ. இன்றைய நான்கு ஸ்ட்ரோக் 60 நூறு கிலோவைத் தாண்டும். 90 என்றால் 150 கிலோவுக்கு மேல். அதாவது 90-க்குப் போவது, ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டுபோய்ப் படகின் கடைசி விளிம்பில் நிரந்தரமாக உட்காரவைப்பது மாதிரி. 16 அடித் தட்டைப் படகின் பின்பகுதி அதைத் தாங்கி மிதக்க வேண்டும். நின்ற நிலையில் அது தாழ்ந்தால் ஆழமில்லாத இடத்தில் புறப்படுவதே கஷ்டம். ஜெட்டை வைத்திருப்பதே ஆழமில்லாத இடத்துக்காகத்தானே. அதனால் 90 வேண்டாம் என்பேன். படகு அகலமாக, பின்பகுதி நல்ல மிதப்போடு இருந்தால் இந்தக் கருத்தை மாற்றிக்கொள்வேன், நீங்கள் அகலத்தைச் சொல்லவில்லை. படகில் அதிகபட்ச எச்.பி. எழுதிய தகடு இருந்தால் அதைத் தாண்டாதீர்கள். தகட்டோடு ஒப்பிடும்போது தலையின் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், ஜெட்டின் எண்ணை எடுத்து உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். பலகையில் தொங்கப்போவது முழுத் தலையின் எடை.

அந்தப் பலகையையும் சோதியுங்கள். மோட்டாரைக் கொஞ்சம் மேலே சாய்த்து, தலையைப் பிடித்து அழுத்தி அழுத்தி விடுங்கள், இன்னொருவர் பின்பலகையும் பக்கச்சுவரும் சேரும் மூலையைக் கவனிக்கட்டும். அலுமினியம் மூச்சு விடுவது மாதிரி அசைந்தால் உள்ளே இருக்கும் மரம் ஊறிப்போயிருக்கிறது. சுத்தியலின் கைப்பிடியால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று சொல்லும், ஊறியது சொத்தென்று சொல்லும். இதில் சந்தேகம் வந்தால் இணையத்தில் யாரையும் கேட்காதீர்கள், என்னையும் சேர்த்துத்தான். அலுமினிய வேலை தெரிந்த ஒருவர் நேரில் பார்க்க வேண்டும்.

பெரிய மோட்டார் வந்தால் ஓட்டும் முறையும் மாறும். ஜெட்டில் சுக்கான் கிடையாது, பீய்ச்சும் தண்ணீர்தான் சுக்கான். பயந்து த்ராட்டிலை விட்டால் திருப்பும் சக்தியும் போய்விடும், படகு பார்த்த திசையில் வழுக்கிக்கொண்டே போகும். தட்டை அடியில் இது இன்னும் மோசம். இப்போதைய வேகத்தில் இது ஒரு சங்கடம். 60-ன் வேகத்தில் கல்லில் போய் மோதும் விபத்து. திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, திருப்பத்துக்குள் த்ராட்டிலைப் பிடித்தே ஓட்டப் பழக வேண்டும். ஆழமான, அகலமான இடத்தில் ஒரு நாள் முழுக்கப் பழகிவிட்டுப் பிறகு கல்பரப்புக்குப் போங்கள்.

சந்தேகமான விஷயங்கள் சில. ஸ்டெயின்லெஸ் இம்பெல்லர் போட்டால் வேகம் கூடும் என்கிறார்கள். என் அனுபவத்தில் விளிம்பு நீண்ட நாள் கூர்மையாக இருக்கிறது, அது நிச்சயம். புதிய அலுமினிய இம்பெல்லரைவிட வேகம் கூடியதாக நான் அளந்ததில்லை. மணல் நிறைந்த ஆறு என்றால் வாங்கலாம். பெரிய கல் அடிபடும் ஆறு என்றால் யோசிப்பேன், இதழ் வளையாவிட்டால் அந்த அடி தண்டுக்கும், அதில் இம்பெல்லரைப் பிடித்திருக்கும் சாவிக்கும் போகுமோ என்ற பயம்தான், ஆதாரமாக ஒன்றிரண்டு மோட்டாரைத்தான் காட்ட முடியும். பீய்ச்சும் வாயைச் சுருக்கும் வளையம், பக்கவாட்டில் ஒட்டும் சிறகு போன்றவற்றில் சிலருக்குப் பலன் கிடைத்திருக்கிறது. என் கையில் பாதி வேலை செய்தது, பாதி செய்யவில்லை, ஏன் என்று தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. ஆழமான வி வடிவ ஃபைபர் படகுகளில் என் அனுபவம் குறைவு, இங்கே சொன்ன எதையும் அவற்றுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்று: சீரியல் தகட்டை வைத்துத் தலையின் எச்.பி.யைக் கேட்பது, முழு த்ராட்டிலில் ஆர்.பி.எம். எடுப்பது, இம்பெல்லர் இடைவெளியை அளப்பது. மூன்று எண்ணையும் இங்கே எழுதினால் 60 தேவையா என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியும். இம்பெல்லரைக் கழற்றும்போது தண்டின் பேரிங்கையும் கவனித்துவிடுங்கள். கிரீஸ் அடித்தால் மறுபக்கக் குழாய் வழியாகப் பழையது வெளியே வரும். அது லேசாக வெளுத்திருந்தால் ஈரம் கொஞ்சம் புகுந்திருக்கிறது, புதிது வரும்வரை அடித்தால் போதும். அழுக்கு நிறத்தில், தண்ணீரோடு வந்தால் சீல் போய்விட்டது, இம்பெல்லரை மறுபடி மாட்டும் முன்பே சீலையும் மாற்றுங்கள். ஓடிய ஒவ்வொரு நாள் மாலையும் கொஞ்சம் கிரீஸ் அடிப்பது இதற்குத்தான். தண்டில் இம்பெல்லரைப் பிடித்திருக்கும் சின்னச் சாவி, கல் சிக்கினால் தான் உடைந்து தண்டைக் காப்பாற்றுவதற்காக வைத்தது. அதில் இரண்டு வாங்கி, நட்டின் பூட்டு வாஷர் ஒன்றும் ஒரு ஸ்பேனரும் சேர்த்து, ஈரம் புகாத பையில் கட்டி உட்காரும் பலகைக்கு அடியில் போட்டு வையுங்கள்.